மூன்று நொடி அசையாதவள்

பச்சையம்மாளைப் பொம்மை என்று எழுதி வைத்தவள் நான்தான். அவள் செத்துப்போவதற்கு மூன்று வருடம் முன்பே எழுதிவிட்டேன். அப்போது அவளை எனக்குத் தெரியாது, அவளுக்கும் என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாயா என்று கேட்காதீர்கள். எழுதியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்த வேலையில் அவ்வளவு பெருமை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தகம் என்று பெயர். யானையின் நெற்றிக்கு உள்ள பெயரைக் காருக்கு வைத்த மகானுபாவன் யாரென்று தெரியவில்லை, ஆனால் ஆள் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் செங்குத்தான சுவர். தரையிலிருந்து பானட்டின் மேல்விளிம்பு வரை ஐந்தடிக்கு இரண்டு விரற்கடைதான் குறைவு. உள்ளே ஏறப் படி வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் அடுத்த தெரு மொட்டைமாடியில் காயும் வடகம் தெரியும். சொந்த வண்டிக்கு முன்னால் பதினைந்தடிக்குள் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. இதை எவன் வாங்குவான் என்று சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த ஐந்து வருடத்தில் வாங்கினார்கள். எதிரே வருகிறவன் பெரிதாக வருகிறான், நம் பிள்ளைகுட்டிகளை இந்தச் சின்ன டப்பாவில் எப்படி ஏற்றுவது என்ற பயம். பயந்தவன் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்க, அவனைப் பார்த்துப் பயந்தவன் அதைவிடப் பெரிதாக வாங்கினான். எதையும் வாங்க வக்கில்லாமல் நடந்து போகிறவன் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தான்.

ஓட்டுகிறவனுக்குத் தெரியாததைப் பார்க்க வண்டியின் நெற்றியில் ஒரு கருவி உண்டு. முன்கண் என்பார்கள். எதிரே ஆள் என்று தெரிந்தால் ஓட்டுகிறவனைக் கேட்காமலே பிரேக் போடும். எது ஆள், எது ஆளில்லை என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்து, நாள் முழுக்கப் படம் பார்த்து, ஆள், மாடு, மரம், தொங்குவது என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். தொங்குவது என்றால் தோரணம், சாலைக்கு நீண்ட கிளை, வாசலில் கட்டிய வாழையின் இலை. வண்டியில் உரசும், ஒன்றும் ஆகாது, நிற்காமல் போகலாம் என்று பொருள். அந்த நாற்பது பேருக்கும் நான் மேற்பார்வை. பெயர் சுபாஷினி.

முதல் வருடம் முன்கண் எங்கள் மானத்தை வாங்கியது. ஊரெல்லாம் வீடு கட்டுகிறார்கள். கட்டுகிற வீட்டுக்கெல்லாம் முன்னால் ஒரு திருஷ்டி பொம்மை. பழைய சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்கு ஒரு பானை. சாரத்திலிருந்து சாலைப் பக்கமாகத் தொங்கும். முன்கண் அதை ஆள் என்று நினைத்துப் பிரேக் போட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு மூக்கு உடைந்தது, பின்னால் வந்தவன் மோதினான். எரிச்சலாகிப் பாதிப் பேர் முன்கண்ணையே அணைத்துவிட்டு ஓட்டினார்கள். அப்படி ஓட்டியதில் அந்த வருடம் நூற்றுப் பதினோரு பேர் செத்தார்கள். பொம்மையைத் தனியாக அடையாளம் காட்டச் சொல்லி நிறுவனம் எங்களைப் பிடுங்கியது.

முகத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பல பொம்மைக்கு முகமே இல்லை, வெறும் பானைதான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கட்டடம் நடக்கிற இடம். ஆண்பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டை. தலையிருக்கும் இடத்தில் உருண்டையாக ஒன்று. மூன்று நொடி அசைவில்லை. நான்கும் சேர்ந்தால் பொம்மை, அதாவது தொங்குவது, அதாவது நிற்காமல் போகலாம். உயிருள்ள மனுஷன் எவனும் மூன்று நொடி ஆடாமல் அசையாமல் நிற்கமாட்டான் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கைதட்டினார்கள். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

பச்சையம்மாள் செத்தது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு. பரந்தாமன் என்று ஒருவர், காஞ்சிபுரத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டிருந்தவர், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மத்தகத்தில் வந்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். மணலை மனைக்கு எதிர்ப்பக்கம் கொட்டியிருந்தார்கள். சித்தாள் பச்சையம்மாள் சட்டியில் மணலை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்தாள். பாதிச் சாலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு நின்றாள். நாலடி பத்து அங்குலம் அவள் உயரம். சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், எல்லாச் சித்தாள்களும் போடுவதுதான். முன்கண் மூன்று நொடி அவளைப் பார்த்தது. பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடி செய்தது.

ஒரு வாரம் கழித்து ரகோத்தமன் என்னை ஒரகடத்துக்குக் கூப்பிட்டார். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர். குரலை உயர்த்தாத மனிதர். குரலை உயர்த்தாதவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம்.

"விசாரணை வச்சிருக்காங்க சுபாஷினி. முக்கியமான கேள்வி ஒண்ணுதான். உங்க மூணு நொடி விதி இருக்கலாமா, எடுக்கணுமா. எடுக்கறதுன்னா எழுபதாயிரம் வண்டியிலயும் எடுக்கணும்."

"எடுத்துடலாம் சார்."

"எடுத்தா பழையபடி பொம்மைக்கெல்லாம் பிரேக் போடும். ஜனங்க அணைச்சிட்டு ஓட்டுவாங்க. நூத்திப் பதினொண்ணு, ஞாபகம் இருக்கா? உங்க விதி வந்த பிறகு வருஷத்துக்கு ஒன்பது பேர். அதுல ஒண்ணு இந்தம்மா." கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "ஒரு சின்ன வேலை. பன்னெண்டு படம் காட்டறேன். உங்க ஆளுங்களுக்குக் காட்டற மாதிரி ஒரு படத்துக்கு ஒரு நொடி. ஆளா பொம்மையான்னு மட்டும் அழுத்துங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு திமிர் இருந்தது. இருபது வருடமாகப் படம் பார்த்த கண், இதில் ஏமாறுமா என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டையும் அழுத்தினேன். ஒன்பதாவது படத்துக்குத் திரும்ப வந்து நிறுத்தினார். சாம்பல் நிறச் சட்டை, சட்டைக்கு மேலே இருட்டாக ஓர் உருண்டை, பின்னால் சாரம். கீழே என் விடை இருந்தது. பொம்மை.

"இதுதான் அந்தம்மா. நீங்களே அப்படித்தான் சொல்றீங்க," என்றார் ரகோத்தமன். "இதை மட்டும் அங்க வந்து சொல்லுங்க. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, பாவம், அவங்க விதி. அவ்வளவுதான்."

அவர் மேல் வந்த கோபத்தைவிட என் விரல் மேல் வந்த கோபம் பெரிது. வரும் வழியில் பஸ்ஸைக் காஞ்சிபுரத்துக்கு மாற்றி ஏறினேன். நியாயம் தேடிப் போனேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். சமாதானம் தேடித்தான் போனேன். அந்த இடத்தைப் பார்த்தால், எவளாக இருந்தாலும் பொம்மை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று மனசு ஆறுமென்று நினைத்தேன்.

வேலை நடந்துகொண்டிருந்தது. பரந்தாமன் இரண்டு நாள்தான் நிறுத்தி வைத்தாராம். தளம் போட நாள் குறித்தாகிவிட்டதாம். சாலையோரத்தில் ஒருத்தி மணல் சலித்துக்கொண்டிருந்தாள். செத்தவளின் தங்கை, அலமேலு. வந்தவாசிப் பக்கம். அவளைக் கேட்காமலே தெரிந்தது, படத்தில் இருந்த அதே தோள்.

"யாரு நீ? பேப்பரா?"

"இல்லீங்க. வண்டிக் கம்பெனி."

சல்லடையை நிறுத்தினாள். "இன்னாத்துக்கு வந்த? அவ ஓடி வந்து வுழுந்தான்னு எழுதிக்கினு போவவா?"

"அப்படி இல்லீங்க. வண்டியில ஒரு கருவி இருக்கு. அது உங்க அக்காவ..." எனக்கு வாய் குழறியது. "பொம்மைன்னு நெனைச்சிடுச்சு. திருஷ்டி பொம்மைன்னு."

"கருவிக்கு எப்டிம்மா தெரியும் பொம்மைய? யாரோ சொல்லிக் குடுத்திருக்கணுமே."

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூணு நொடி அசையாம நின்னா பொம்மைன்னு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு சட்டியை எடுத்தாள். மண்வெட்டியால் நாலு வாரு மணல் அள்ளிப் போட்டாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி என் தலையில் வைத்து, சட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். என் கழுத்து தோளுக்குள் இறங்கிப் போனது. இரண்டு கையும் தானாக மேலே போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டன.

"ம். இப்ப அசை," என்றாள்.

என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. காலை எடுத்து வைத்தால் சட்டி ஒரு பக்கம் இழுத்தது. அவள் எனக்கு முன்னால் நின்று நிதானமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தாமல் இருபது வரை எண்ணினாள். நான் ஆடாமல் அசையாமல் நின்றேன்.

"பாத்துக்கினியா? நடந்தா நடக்கணும், நின்னா நிக்கணும். நடுவுல ஆடறதுக்கெல்லாம் இது டான்சு இல்ல." சட்டியை இறக்கி மணலை அங்கேயே கொட்டினாள். "சரி, பாரம் வுடு. பாரம் இல்லன்னாலும் அவ நின்னுதான் இருப்பா. தெரியுமா ஒனக்கு?"

"ஏன்?"

"ஏன்னு நீ கேக்குற." என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று தகரக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிமெண்ட் மூட்டைகளுக்கு மேலே, கதவின் உட்பக்கத்தில் ஒரு சுவரொட்டி. எங்கள் நிறுவனத்தின் முத்திரை. சிரித்த முகத்தோடு ஒரு மத்தகம், அதற்கு முன்னால் தலையில் சுமையோடு ஒரு பெண். கீழே பெரிய எழுத்தில் இருந்தது: "பெரிய வண்டி வந்தால் ஓடாதீர்கள். அசையாமல் நில்லுங்கள். மத்தகம் உங்களைப் பார்த்துவிடும்."

"ஆறு மாசம் முன்ன வந்தாங்க," என்றாள் அலமேலு. "பொட்டியில படம் போட்டுக் காட்டுனாங்க. ஆளுக்கு ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டு. ஓடுனாத்தான் கருவி கொழம்புமாம், நின்னா கண்டுக்கினு நிக்குமாம். எங்கக்கா முன்னெல்லாம் வண்டியக் கண்டா ஓடிப்புடுவா. அவளுக்குத்தான் மூணு தபா நிக்கவச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் புதுசா வர்ற ஆளுங்களுக்கெல்லாம் அவதான் சொல்லுவா, ஓடாதடி, நில்லுடின்னு."

நான் அந்தச் சுவரொட்டியைப் படமெடுத்தேன். நிறுவனத்தில் எங்கள் மாடி ஒரு பிரிவு, விழிப்புணர்வு வேறொரு பிரிவு. அவர்கள் ஒரகடத்தில், நாங்கள் வாலாஜாபாத்தில். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது. அசையாதது பொம்மை என்று நாங்கள் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அசையாதே என்று அவர்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். அந்த நினைப்பைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"நாளன்னிக்கு விசாரணை. நான் எல்லாத்தையும் சொல்றேன்," என்றேன்.

"சொல்லு. சொல்லி இன்னா, அவ எழுந்து வந்து சட்டி தூக்கப் போறாளா?" என்று சொல்லிவிட்டு அவள் மணலுக்குத் திரும்பினாள்.

விசாரணை அலுவலர் ஜெபமணி, மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எதிரே நிறுவனத்துக்காக ரகோத்தமன். பின் பெஞ்சில் அலமேலு, அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். பரந்தாமன் வரவில்லை, எழுதி அனுப்பியிருந்தார். ஜெபமணி அதை வாசித்தார். "வண்டியைக் கிளப்பும்போது பானட்டுக்கு மேலே ஒரு சாந்துச் சட்டி தெரிந்தது. மணல் குவியலின் மேல் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினேன்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரகோத்தமனைப் பார்த்தார். "நான் முப்பது வருஷம் வண்டி பாத்தவ. பழைய கார் இந்த இடத்துல நின்னிருந்தா இந்தக் கருவியே தேவைப்பட்டிருக்காது. ஓட்டினவருக்கு அந்தம்மா மூஞ்சியே தெரிஞ்சிருக்கும். அப்படியே இடிச்சாலும் முட்டியில அடிக்கும், ஆள் பானட் மேல சாயும், கால் உடையும், பொழைச்சுக்கும். உங்க வண்டி நெஞ்சுல அடிக்குது, கீழ தள்ளுது, மேல ஏறுது. எதுக்கு சார் அவ்வளவு உயரம்?"

"வாடிக்கையாளர் விரும்பறாங்க மேடம். தவிர, வண்டியோட உயரம் இந்த விசாரணையோட வரம்புல இல்ல. அது சட்டப்படி அனுமதிச்ச உயரம்."

"எனக்கும் வரம்பு தெரியும்," என்றார் ஜெபமணி. "வயித்தெரிச்சலுக்குக் கேட்டேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். விதியை நான் எழுதியதைச் சொன்னேன். குத்துவிளக்கைக்கூட விடாமல் சொன்னேன். சித்தாள்கள் எல்லாரும் ஆண்பிள்ளைச் சட்டைதான் போடுகிறார்கள், எல்லாரும் தலையில் உருண்டையாக ஒன்றைத்தான் சுமக்கிறார்கள், எல்லாரும் கட்டடம் நடக்கிற இடத்தில்தான் இருக்கிறார்கள், ஆகவே என் நான்கு அடையாளத்தில் மூன்று அவர்கள் மேல் எப்போதும் இருக்கிறது, நாலாவதை நிறுவனமே சுவரொட்டி ஒட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று சொன்னேன். சுவரொட்டியின் படத்தை நீட்டினேன். அந்த அறையில் முதல் தடவையாக ரகோத்தமனின் முகம் மாறியது. சுவரொட்டி அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஆள் ஆள்தான், சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்.

"சுபாஷினி, முந்தாநாள் உங்களுக்கு முன்கண் எடுத்த அந்தம்மா படத்தைக் காட்டினேன். என்ன குறிச்சீங்க?"

"பொம்மைன்னு."

பின் பெஞ்சில் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"இருபது வருஷ அனுபவம் உள்ள உங்களுக்கே அப்படித் தெரிஞ்சிருக்கு. அப்ப மெஷினைக் குத்தம் சொல்றது நியாயமா?"

"ஒரு நொடிதான் காட்டினீங்க சார். எங்க பசங்களுக்கும் ஒரு நொடிதான் தர்றோம். கீழ இறங்கி நின்னு பார்த்தா யாரும் தப்பா சொல்லமாட்டாங்க. நாலு வயசுக் குழந்தை சொல்லும், அத்தை நிக்கிறாங்கன்னு. அவ்வளவு மேல உக்கார்ந்துக்கிட்டு, அவ்வளவு அவசரமா பார்த்தா, எனக்கும் பொம்மையாத்தான் தெரியும். உங்களுக்கும்தான்."

"விதியை எடுத்துடலாமா?" என்று ஜெபமணி கேட்டார்.

"எடுக்கணும்."

"எடுத்தா நூத்திப் பதினோரு பேர் மேடம்," என்றார் ரகோத்தமன், அதே தாழ்ந்த குரலில். "அந்த நூத்திப் பதினோரு பேரும் நடந்து போனவங்கதான். அவங்களுக்கும் அக்கா தங்கச்சி உண்டு. இந்தம்மாவுக்காக அழறவங்க அவங்களுக்காகவும் கொஞ்சம் அழட்டும்."

அவர் சொன்ன எண் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வண்டியின் முகத்தை இரண்டடி இறக்கிச் செய்தால் இரண்டு கணக்குமே வேண்டாம் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது வரம்பில் இல்லை.

முதல் உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. சாலையோரம் திருஷ்டி பொம்மை தொங்கவிடக் கூடாது, மனைக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம். நல்ல உத்தரவுதான். ஜெபமணி எழுதியது என்று பிறகு கேள்விப்பட்டேன். பொம்மை போனால் என் விதிக்கும் வேலை இல்லை. ஆனால் வீடு கட்டுகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கண் பட்டால் எவன் பதில் சொல்வது என்று ஊருக்கு ஊர் மறியல். மறியல் செய்தவர்கள் மத்தகத்தில் வந்து இறங்கித்தான் செய்தார்கள். நாலாம் நாள் உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பொம்மைகள் பழையபடி சாரத்தில் ஆடின.

இரண்டாவது உத்தரவு யாருக்கும் சங்கடம் இல்லாமல் வந்தது. பொம்மைக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு அசைவு. எனவே சாலையை ஒட்டிக் கட்டட வேலை செய்கிறவர்கள், பெரிய வண்டி வரும்போது ஒரு கையை உயர்த்தித் தொடர்ந்து ஆட்ட வேண்டும். ஆட்டாமல் நின்று அடிபட்டால் பொறுப்பு அவர்களுடையது. இதை ஒருவரும் மறிக்கவில்லை. பழைய சுவரொட்டியின் மேலேயே புதுச் சுவரொட்டி ஒட்டினார்கள். இந்தத் தடவையும் பிஸ்கட் கொடுத்ததாகக் கேள்வி.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தியாகி மாதிரி வீட்டில் உட்கார்ந்திருப்பேன், அந்தச் சுகத்தையும் கொடுக்கவில்லை. ரகோத்தமன் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, ஆட்டுகிற கையை முன்கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். விதியை உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும் என்றார். நான் சரி என்றேன். மாட்டேன் என்று சொன்னால் இன்னொருத்தி ஒரு நொடியில் குறித்துவிட்டுப் போவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக் கடனும் ஒரு காரணம், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படித்தான் கேமரா பொருத்திய ஒரு மத்தகத்தில், ஓட்டுநர் ஜின்னா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராகக் கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்களைக் கண்டதும் சித்தாள்கள் சட்டியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினார்கள். பாரம் ஒரு பக்கம் சரியும், தோளை நெளித்துச் சமாளிப்பார்கள், ஆனால் கை நிற்காது. மணல் கண்ணில் கொட்டும், அப்போதும் ஆட்டுவார்கள். எங்களுக்கு முன்னால் போன வண்டிகளின் ஜன்னல் இறங்கும். உள்ளே இருந்து குடும்பம் குடும்பமாகத் திரும்பக் கையாட்டிவிட்டுப் போனார்கள். கிராமத்து ஜனங்கள் எவ்வளவு அன்பு பாருங்கள் என்று ஒரு அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படத்தை எடுத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பரந்தாமன் வீட்டுத் தெருவுக்குப் போனோம். அவர் வீடு முடிந்திருந்தது. அடுத்த மனையில் அஸ்திவாரம் எடுத்திருந்தார்கள், மணல் பழையபடி எதிர்ப்பக்கம். அலமேலு தலையில் சட்டியோடு சாலைக்கு நடுவில் வந்திருந்தாள். சத்தம் கேட்டு நின்றாள். கையை உயர்த்தி ஆட்டத் தொடங்கினாள். வண்டி வேகம் குறைந்தது. என் முன்னால் இருந்த திரையில் ஆள் என்று எழுத்து வந்தது.

அப்போது அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். கை நின்றது. அதை மெதுவாக மேலே கொண்டுபோய்ச் சட்டியின் மறு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அதில் பயம் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெறுப்பு இருந்தது, எனக்கு மட்டும் என்று அளந்து வைத்த மாதிரி.

திரையில் ஆள் என்பது அணைந்தது. நான் எண்ணவில்லை, என் வயிறு எண்ணியது. ஜின்னா அண்ணனின் கண் திரையில்தான் இருந்தது, வண்டி ஊர்ந்தது. அவள் முகம் பானட்டுக்குக் கீழே இறங்கியது. இப்போது சட்டி மட்டும் தெரிந்தது.

"ஜின்னாண்ணே, ஆள். நிறுத்துங்க, ஆள்."

"எங்கம்மா? ஒண்ணும் இல்லியே, பொம்மைங்குதே," என்றபடியே அவர் பிரேக்கை மிதித்தார். அவர் காலில் இன்னும் பழைய காரின் பழக்கம் மிச்சம் இருந்தது, பிழைத்தோம். வண்டி குலுங்கி நின்றது. நான் கதவைத் திறந்து, படியை மறந்து குதித்து, முழங்கை தேய விழுந்து எழுந்து முன்பக்கம் ஓடினேன்.

அவளுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவள் நகரவில்லை. நான் அந்த ஒரு முழத்துக்குள் புகுந்து நின்றேன். கீழிருந்து பார்த்தால் ஜின்னா அண்ணன் தெரியவில்லை, வானமும் பானட்டும்தான் தெரிந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கினேன். ஆட்டினேன்.

"இன்னாத்துக்குடி அப்படி நின்னீங்க, செத்துப் போயிருப்பீங்களே," என்றேன். மரியாதையும் வசவும் கலந்து எப்படியோ வந்தது.

அலமேலு தலையில் பாரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கழுத்தை லேசாக நெளித்துப் பார்த்துக்கொண்டாள். எங்கள் வண்டிக்குப் பின்னால் இன்னொரு மத்தகம் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஆட்டிக்கினு நில்லு," என்றாள். "நிறுத்திப்புடாத. எனக்கு இன்னும் நாப்பது சட்டி கெடக்குது."

மனைக்குள் நடந்து போய், கொட்டிவிட்டு, காலிச் சட்டியோடு திரும்பி வந்தாள். என்னைக் கடந்து மணலுக்குப் போனாள். ஹாரன்கள் அலறின. நான் கையை இறக்கவில்லை.